மூன்று கையெழுத்து

அந்த மூன்று கையெழுத்தும் என்னுடையவைதான். யாரும் கையைப் பிடித்துப் போட வைக்கவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால் எங்கள் தெரு. மாலை ஆறு மணிக்கு மேல் வோல்டேஜ் இறங்கிவிடும். ஃபேன் யோசித்து யோசித்துச் சுற்றும். அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். என் கணவரின் ஆக்ஸிஜன் மெஷின் பொறுத்துக்கொள்ளாது. இருபது வருடம் இரும்பு உருக்கும் ஆலையில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவர்; நுரையீரல் பாதிதான் மிச்சம். வோல்டேஜ் குறைந்தால் மெஷின் கத்திவிட்டு நின்றுவிடும். நான் ஓடிப்போய்க் குழாயைச் சிலிண்டருக்கு மாற்றுவதற்குள் அவர் உதடு நீலம் பாரித்துவிடும்.

மின்சார அலுவலகத்தில் மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். மூன்று முறையும் லைன் வேலைக்கு வரும் கான்ட்ராக்ட் ஆள் ஒருவரை அனுப்பினார்கள். நாற்பது வயதிருக்கும். கம்பத்தை அண்ணாந்து பார்ப்பார். பிறகு ஒரு தாளை நீட்டுவார். ‘குறை சரிசெய்யப்பட்டது’ என்று அச்சடித்திருக்கும்.

“ஒரு கையெழுத்து போட்டுக் குடுக்கா. டிரான்ஸ்ஃபார்மர் மாத்துறது என் கையிலயா கீது? இது இல்லாம போனா நாள் பூரா ஆபீஸ்ல நிக்க வெச்சு திட்டுவாங்கோ.”

வெயிலில் சட்டை நனைந்து நிற்பவரிடம் என்ன சட்டம் பேசுவது? கான்ட்ராக்ட் ஆள் படும் பாடு எங்கள் வீட்டுக்குத் தெரியாததா? போட்டுக் கொடுத்தேன்.

ஒன்றும் சரியாகாததால் மின் நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்குப் போனேன். விசாரணையில் எங்கள் பகுதி அதிகாரி அந்த மூன்று தாள்களையும் மேசையில் வரிசையாக வைத்தார்.

“சரியாயிடுச்சுன்னு மூணு வாட்டி நீங்களே எழுதிக் குட்த்துட்டு, இப்ப இன்னாம்மா கம்ப்ளெய்ண்ட்?”

யாரோ சிரித்தார்கள். மனு தள்ளுபடி. வேண்டுமானால் மின்குறை தீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்று உத்தரவின் கடைசியில் ஒரு வரி இருந்தது.

அந்த உத்தரவு ஒரு வாரம் ஃபிரிட்ஜ் மேலேயே கிடந்தது. மேலே போக வேண்டுமானால், மூன்று முறை பொய்க்குக் கையெழுத்துப் போட்டேன் என்று நானே எழுத வேண்டும்.

“உட்டுடு,” என்றார் கணவர். “நாமளே பொய் சொன்னோம்னு எழுதிக் குடுக்கிறதா? அந்த ஆளு வேல வேற பூடும்.”

அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. அதிகாரி நேரில் வந்திருந்தால் என்னிடம் கையெழுத்து வாங்கியிருக்க முடியுமா? உள்ளே விட்டிருக்க மாட்டேன். அது தெரிந்துதான் பாவப்பட்டவரை அனுப்பியிருக்கிறார்கள். என் இரக்கத்தை வாங்கி, அதையே சாட்சியாக்கி என்மேல் வீசியிருக்கிறார்கள். வெட்கப்பட வேண்டியவள் நான் இல்லை. அன்றே உட்கார்ந்து எழுதினேன்.

“மூன்று கையெழுத்தும் நான் போட்டவை. மூன்றும் பொய். ஒரு தொழிலாளி திட்டு வாங்கக் கூடாதென்று போட்டேன். அவரை விசாரிக்க வேண்டாம். வெறும் தாளோடு அவரை அனுப்பியவரை விசாரியுங்கள். என் பேச்சையும் நம்ப வேண்டாம். மாலை ஆறரைக்கு என் வீட்டுக்கு வந்து வோல்டேஜை அளந்து பாருங்கள்.”

படித்துக் காட்டினேன். கணவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை, தபாலுக்குக் கிளம்பும்போது அதே ஆள் வாசலில் நின்றார். கையில் நாலாவது தாள்.

“நீ மேல போயிடுவியோன்னு ஆபீஸ்ல பயப்படறாங்கோ அக்கா. சார் இத்த குட்த்து அனுப்சாரு. இதான் கடசி.”

வாங்கினேன். அச்சடித்த வரியை அடித்துவிட்டு, ‘சரியாகவில்லை’ என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கையெழுத்திட்டேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

“இத எப்டிக்கா உள்ள குடுக்கிறது? பேஜாராயிடும்.”

“நான்தான் எழுதினேன்னு சொல்லு. எதுனா கேக்கணும்னா என்ன வந்து கேக்கச் சொல்லு.”

உள்ளேயிருந்து கணவர் குரல் கொடுத்தார். “அத்த இங்க எடுத்துனு வா.”

தடுக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் பேனாவைக் கேட்டார். என் கையெழுத்துக்குக் கீழே ‘சாட்சி’ என்று எழுதி, தன் முழுப் பெயரையும் எழுதினார். நடுவில் இரண்டு முறை நிறுத்தி மூச்சு வாங்கினார். ஓர் எழுத்தையும் விடவில்லை.