டிராக்டரின் காது

நாலாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். இன்று நீடாமங்கலத்துக்கும் வலங்கைமானுக்கும் நடுவில் என் டிராக்டர் இறங்காத வயல் ஒன்று இருந்தால் யாராவது காட்டட்டும், பார்க்கலாம். ஒவ்வொரு வண்டியும் என் வியர்வையில் வந்தது. ஆனால் டிராக்டர் மீது எனக்கு முதலில் வந்த நம்பிக்கை வேறு வகை.

நான் சின்னப் பையனாக இருந்தபோது, அம்மாவின் தம்பியான மாமு பினாங்கிலிருந்து ஒரு பெட்டி நிறைய இங்கிலீஷ் கதைப் புத்தகங்களோடு திரும்பியிருந்தார். எல்லாம் ஒரே ஆள் எழுதியவை. மனுசன் மூச்சு விடுவது போல எழுதித் தள்ளியிருக்கிறார். அத்தனையும் எந்திர மனிதர்களின் கதை. மாமு படித்து எனக்குத் தமிழில் சொல்லுவார். ஒரு புத்தகத்தில் வீட்டு வேலை பார்த்த எந்திரம், ஆயிரமாயிரம் வருஷம் கழித்து வேறொரு புத்தகத்தில் ராஜாவுக்கே யோசனை சொல்லும். ஒன்று மட்டும் மாறாது. எஜமான் சொல்வதை எந்திரம் கேட்கும். மனுசனுக்குக் கெடுதல் செய்யச் சொன்னால் மட்டும் கேட்காது.

மிராசுதார் புதிதாக வாங்கிய டிராக்டருக்கு மாமுதான் டிரைவர்.

"இதுக்கும் அந்த விதி தெரியுமா மாமு?" என்று கேட்டேன்.

"தெரியாம? பொறந்த புள்ள காதுல பாங்கு சொல்றோம்ல, அது மாதிரி வந்த அன்னைக்கே இதுக்கும் காதுல சொல்லிட்டேன்."

"காது எங்க இருக்கு?"

முன்விளக்குகளைக் காட்டினார். "எப்படி முழிச்சுக்கிட்டு கேக்குது பாரு!"

என்னைப் பெற்ற அத்தாவுக்கு அந்த வண்டியே ஆகாது. மாடு வைத்துக் கூலிக்கு ஏர் ஓட்டியவர் அவர். மிராசுதாரின் பெரிய வயல் கைவிட்டுப் போனால் எங்கள் வீட்டில் உலை ஏறாது. அந்த வருஷம் உழவுக்கு டிராக்டர் வந்தபோது, வயலில் இறங்கும் வழியில் அத்தா குறுக்கே நின்றார்.

"வெலகுங்க மச்சான். நான் கூலிக்கு ஓட்டுறவன்."

"நானும் அதேதான் மாப்புள. ஏத்திட்டுப் போ. உங்க அக்காகிட்ட நீயே போய்ச் சொல்லிடு."

வரப்பிலிருந்து மிராசுதார் கத்தினார். "மச்சானும் மாப்பிள்ளையும் என்னடா கொஞ்சிக்கிட்டு? ஓட்டுடா! உசுரு வேணும்னா அவனே நகருவான்."

எஞ்சின் உறுமியது. பெரிய சக்கரம் மண்ணை நொறுக்கிக்கொண்டு உருண்டது. அம்மா முந்தானையை வாயில் கடித்துக்கொண்டார். அத்தாவின் கால் அசையவில்லை. அங்கே பயப்படாதவன் நான் ஒருவன்தான்.

"நகராதீங்க அத்தா! அது ஒண்ணும் பண்ணாது! அதுக்குச் சொல்லி வச்சிருக்கு!"

அம்மா என் வாயைப் பொத்தினார்.

"ஓட்டுடாங்குறேன்!"

மாமுவின் முகத்தில் வியர்வை வழிந்தது. வண்டி இன்னும் நெருங்கியது. அதன் அனல் காற்றில் அத்தாவின் கைலி படபடத்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். அப்போது ஒரு குலுங்கு குலுங்கி வண்டி நின்றது. எஞ்சினும் அடங்கியது. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

அம்மாவின் பிடியிலிருந்து திமிறி ஓடினேன். "கேட்டுடுச்சு! கேட்டுடுச்சு!" என்று கத்தியபடி விளக்கைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தேன். சூட்டுத் தகரம் பட்டு வெந்த வடு இன்னும் என் தாடையில் இருக்கிறது.

மாமு இறங்கிப் போய்ச் சாவியை மிராசுதார் கையில் கொடுத்தார். "இனிமே இந்தப் பக்கத்துல எவன் உனக்கு வேலை தர்றான்னு பாக்குறேன்" என்றார் அவர். மாமு வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வண்டி ஓட்டிய களைப்பு என்று நினைத்தேன்.

கொஞ்ச நாளில் மாமு அதே பெட்டியோடு, நாகப்பட்டினத்தில் பினாங்குக் கப்பலேறப் புறப்பட்டார். பஸ் வந்து நின்றபிறகும் அத்தா அவர் கையை விடவில்லை. எனக்கோ மாமு மேல் கோபம். அத்தாவின் உயிரைக் காப்பாற்றிய வண்டியை அனாதையாக விட்டுவிட்டுப் போகிறாரே! ஜன்னலிலிருந்து அவர் கையசைத்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பஸ் கிளம்பியதும் மிராசுதாரின் களத்துக்கு ஓடினேன், டிராக்டருக்கு நன்றி சொல்ல.