ஸ்டெல்லா சிஸ்டரும் வெண்ணெய்-கடலை வழக்கும்

ஞாயிற்றுக்கிழமை காலை பெங்களூர் சிவாஜிநகரில் கறிக்கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது ஸ்டெல்லா சிஸ்டரின் மகன் போன் செய்தார். "அங்கிள், அம்மா போயிட்டாங்க. தூக்கத்துலயே" என்றார். மார்க்கெட் இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி இன்னொரு முறை சொல்ல வைத்தேன். பாவம், அவரும் சொன்னார். வரிசையை விட்டு விலகி, இன்னும் திறக்காத ஒரு துணிக்கடையின் படியில் உட்கார்ந்தேன். முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம்தான். ஊரார் உடம்பையெல்லாம் கவனித்த மனுஷி தன் நெஞ்சுவலியை மட்டும் வாயுப்பிடிப்பு என்று சொல்லித் தள்ளிப்போட்டாராம், மகன்தான் சொன்னார்.

பொம்மசந்திராவில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கார்களுக்கான ஒயர் கட்டுகளைச் செய்யும் தொழிற்சாலை எங்களுடையது. வேலை செய்பவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். அங்கே முதலுதவி அறையின் நர்ஸாக இருந்தவர் ஸ்டெல்லா. ரிச்சர்ட்ஸ் டவுன்காரர். தமிழில் ஆரம்பித்த வாக்கியத்தைக் கன்னடத்தில் முடிப்பார், நடுவில் இங்கிலீஷில் இரண்டு திட்டு விழும். நான் ஸ்டோர்ஸில் இருந்தேன். கேண்டீன் கமிட்டியில் தொழிலாளர் தரப்புக்கு நான், மருத்துவத் தரப்புக்கு அவர். ஏறக்குறைய ஒரே வயது. நாங்கள் ஒத்துப்போன கூட்டங்களைவிட முட்டிக்கொண்ட கூட்டங்களே அதிகம்.

எங்கள் பெரிய சண்டை வெண்ணெயைப் பற்றியது. காலை ஷிஃப்ட் பெண்கள் விடியுமுன் எழுந்து வீட்டுக்குச் சமைத்து வைத்துவிட்டு, தாங்கள் ஒன்றும் சாப்பிடாமல் கம்பெனி பஸ் ஏறி வருவார்கள். முதல் இடைவேளையில் அவர்களுக்கு ஒரு பன்னும் டீயும் உண்டு. அந்தப் பன்னில் ஒரு கட்டி வெண்ணெய் வைக்க வேண்டும் என்று கேட்டு, கேண்டீன் வாசலில் உட்கார்ந்து போராடி வாங்கியவர்கள் நாங்கள். பெங்களூரில் பன்னுக்கு வெண்ணெய் இல்லை என்றால் அது மனுஷனுக்குப் போட்ட சாப்பாடே இல்லை. கேண்டீன் நடத்திய நாகராஜ், "பெண்ணெ இல்லாம பன்னு குடுத்தா அது ஆஸ்பத்திரி ஊட்டா" என்பார், வெண்ணெய் இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிச் சாப்பாடு என்று கன்னடம் கலந்து. அந்த வெண்ணெயை எடுத்துவிட்டுக் கொண்டைக்கடலைச் சுண்டல் கொடுக்க வேண்டும் என்று சிஸ்டர் கமிட்டியில் சொன்னபோது எனக்கு ரத்தம் கொதித்தது.

"நாங்க போராடி வாங்கினதை நீங்க ஒரே வார்த்தையில புடுங்குறீங்க, சிஸ்டர்" என்றேன்.

"புடுங்கல, முருகேசன். என் ரூமுக்கு வந்து பாருங்க. இந்த மாசம் யாரெல்லாம் மயங்கி விழுந்தாங்கன்னு நான் காட்டுறேன்."

போய்ப் பார்த்தேன். அன்று கட்டிலில் படுத்திருந்தவள் சரோஜா, மூன்றாவது லைனில் ஒயர் கோக்கிறவள். சிஸ்டர் அவள் கீழ் இமையை இழுத்துக் காட்டினார். சிவப்பே இல்லை, வெளிறிக் கிடந்தது. வேலை நேரத்தில் திரும்பத் திரும்ப மயங்கி விழுகிறவர்களை வேலைக்குத் தகுதியில்லை என்று அனுப்பிவிட மேல்மாடி நிர்வாக அறையில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அதில் முதல் பெயர் சரோஜாவுடையது. புருஷன் இல்லாமல் இரண்டு பிள்ளைகளை அந்த வேலையை நம்பித்தான் அவள் வளர்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கேண்டீனில் சிஸ்டர் ஒரு தட்டில் வெண்ணெயும் இன்னொன்றில் வெந்த கடலையும் வைத்துக்கொண்டு பெண்கள் முன்னால் நின்றார். வெண்ணெயை அவர் ஒரு வார்த்தைகூடக் குறைத்துப் பேசவில்லை. "எடைக்கு எடை பாத்தா வெந்த கடலைய விட வெண்ணெய்லதான் சக்தி ஜாஸ்தி, நாலு மடங்கு. விட்டமின் ஏ-வும் இருக்கு. ஆனா அது முழுக்கக் கொழுப்புதாம்மா. புரதம் பேருக்குத்தான். இரும்புச்சத்து தேடினாலும் கெடைக்காது. உங்க ஒடம்புல இல்லாதது கொழுப்பா, ரத்தமா? கடலையில புரதம் இருக்கு, இரும்பு இருக்கு, ரத்தம் ஊறுறதுக்கு வேண்டிய ஃபோலிக் ஆசிட் இருக்கு, நார்ச்சத்தும் இருக்கு. நின்னு வேலை செய்யுற வரைக்கும் பசி தாங்கும்."

பின்வரிசையிலிருந்து ஒருத்தி, "கடலை திங்கறதுக்கு நாங்க என்ன குதிரையா, சிஸ்டர்?" என்றாள்.

"குதிரை மயங்கி விழுந்து நீ எங்கயாவது பாத்திருக்கியாடி?" என்றார் சிஸ்டர்.

கேண்டீனே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன், தோற்றுப்போனேன். கொஞ்ச நாள் சுண்டல் போட்டுப் பார்ப்பது என்று முடிவானது. எலுமிச்சை பிழிந்து கொடுக்கச் சொன்னார், அப்போதுதான் இரும்பு உடம்பில் ஒட்டுமாம். இரும்பு ஒட்டுவதை டீ தடுக்கும் என்று அதைச் சாப்பாட்டோடு தராமல் ஒரு மணி நேரம் தள்ளி வைத்தார். அதற்கு வந்த எதிர்ப்பு வெண்ணெய்க்குக்கூட வரவில்லை. சரோஜாவிடம் மாத்திரையும் கொடுத்து, "கடலை மட்டும் போதும்னு நெனச்சுக்காதே, இதையும் முழுங்கு" என்று எதிரிலேயே முழுங்க வைத்தார்.

ஆனால் சரோஜா மறுபடியும் விழுந்தாள். லைனில், மெஷின் பக்கத்திலேயே. மேனேஜர் கமிட்டிக் கூட்டத்தில், "உங்க கடலை ஃபெயில் ஆயிடுச்சே சிஸ்டர்" என்று நக்கலாகச் சொன்னார். வேறு யாராக இருந்தாலும் வாதாடியிருப்பார்கள். சிஸ்டர் மறுநாள் இடைவேளைக்கு முன்பே கேண்டீனில் போய் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டார். என்னையும் பக்கத்தில் உட்கார வைத்தார்.

அங்கே நடந்தது இதுதான். தட்டில் விழுந்த சுண்டலில் பெண்கள் இரண்டு வாய் போட்டுக்கொண்டார்கள். மிச்சத்தைக் கைப்பையிலிருந்த டிபன் டப்பாவில் கொட்டி மூடினார்கள். சரோஜா ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை, பன்னும் சுண்டலும் அத்தனையும் டப்பாவுக்குப் போயிற்று. வெறும் வயிற்றோடு லைனுக்குத் திரும்பினாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெண்ணெயை யாரும் வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. உருகிவிடும், பை பாழாகும். அதனால் அதை அங்கேயே தின்றார்கள். கடலை சாயங்காலம் வரை கெடாது, பிள்ளைகளுக்குப் பிடிக்கும். கணக்குப்படி ஜெயித்த கடலை அந்தப் பெண்களின் வயிற்றுக்குப் போகவே இல்லை.

இதை நாங்கள் மட்டும் பார்க்கவில்லை, கண்காணிப்பாளர் ஒருவரும் பார்த்துவிட்டார். அடுத்த கூட்டத்தில் மேனேஜர், இது திருட்டு, பெண்களின் பைகளை வாசல் கேட்டில் சோதனை போட வேண்டும் என்றார். சரோஜா விஷயத்தில், வேலைக்குத் தகுதியில்லை என்று முதலுதவி அறையிலிருந்து ஒரு சான்று வந்தால் அன்றைக்கே அனுப்பிவிடலாம் என்றார். சான்றை டைப் அடித்தே வைத்திருந்தார்கள். சிஸ்டர் கையெழுத்துதான் பாக்கி.

சிஸ்டருடைய வேலையும் நிரந்தரமானதில்லை. வருடா வருடம் புதுப்பிக்க வேண்டிய ஒப்பந்தம், அதுவும் புதுப்பிக்க வேண்டிய சமயம். அவர் அந்தச் சான்றைக் கையில் எடுத்துப் படித்துவிட்டு மேனேஜரைப் பார்த்தார்.

"திருட்டுன்னு சொல்றீங்க. யாருதைத் திருடினா? அவ தட்டுல போட்டது அவளுது. அவ வயித்துலேர்ந்து எடுத்துப் புள்ளைங்களுக்குக் குடுத்திருக்கா. அதுக்கு என்ன பேருன்னு உங்க வீட்டுக்குப் போய் உங்கம்மாவைக் கேளுங்க, சார். அவளுக்கு வியாதி இல்ல, பசி. பசிக்கு அன்ஃபிட்னு நான் எழுத மாட்டேன். பையைத் தொறந்து பாக்கணும்னா மொதல்ல என் பையிலேர்ந்து ஆரம்பிங்க."

சிஸ்டர் கையெழுத்துப் போடாமலே காகிதத்தை மேஜையில் திருப்பி வைத்துவிட்டு, அதே மூச்சில் நாகராஜிடம் கன்னடத்தில் சமையல் பேச ஆரம்பித்துவிட்டார். கடலையை மசித்துக் கெட்டிக் குழம்பாக வைத்துப் பன்னுக்குச் சுடச்சுட ஊற்ற வேண்டும். டப்பாவில் ஊற்றினால் வழியும், அங்கேயேதான் சாப்பிட்டாக வேண்டும். மேலே ஒரு சின்னக் கட்டி வெண்ணெய் மிதக்கட்டும். வீட்டுக்கு வேண்டும் என்கிறவர்களுக்கு ஷிஃப்ட் முடிந்து போகும்போது ஒரு கரண்டி சுண்டல் தனியாக, ஒளிவுமறைவு இல்லாமல். நாகராஜ் தலையைச் சொறிந்துவிட்டு, "ஆய்த்து சிஸ்டர், ஆகட்டும், இன்னொரு குண்டானு கடலை ஊற வெச்சுடறேன். கேக்கறவங்க என்னைக் கேக்கட்டும்" என்றார். அந்த மனுஷனுக்கும் என் வணக்கம்.

வெளியே வந்ததும் நான், "வெண்ணெய் திரும்பி வந்துடுச்சே, அப்போ ஜெயிச்சது நான்தானே?" என்று சீண்டினேன். "ரெண்டையும் சண்டைக்கு விட்டதே நீங்கதான், முருகேசன். எனக்குச் சாப்பிடுறவ எழுந்து நின்னாப் போதும்" என்றார்.

பைச் சோதனை வரவில்லை. சான்று இல்லாததால் சரோஜாவையும் அனுப்ப முடியவில்லை. சிஸ்டரின் ஒப்பந்தத்தைக் கொஞ்ச காலம் இழுத்தடித்தார்கள். அவர் வழக்கம்போல வந்து, வழக்கம்போல இமையை இழுத்துப் பார்த்து, வழக்கம்போலத் திட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் புதுப்பித்தார்கள். சரோஜாவுக்குத் தெம்பு ஒரே நாளில் வரவில்லை. மாதக்கணக்கில் மாத்திரை, குழம்பு, திட்டு எல்லாம் சேர்ந்து ஏறியது. அதற்குப் பிறகு அவள் முதலுதவி அறைக் கட்டிலில் படுத்து நான் பார்க்கவில்லை.

சவ அடக்கத்தன்று ரிச்சர்ட்ஸ் டவுன் சர்ச்சில் உட்கார இடமில்லை. கம்பெனிப் பெண்கள் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். சரோஜா இப்போது மூன்றாவது லைனின் லீடர். சின்ன மகளைக் கையைப் பிடித்து அழைத்து வந்திருந்தாள். அந்தப் பெண் நர்ஸிங் சேர்ந்திருக்கிறாளாம். பெட்டியருகில் நின்று சரோஜா என்னிடம், "அந்தப் பேப்பர்ல சிஸ்டர் கையெழுத்துப் போட்டிருந்தா இவ இன்னிக்கு எங்கயாவது பாத்திரம் தேச்சுக்கிட்டு இருப்பாண்ணே" என்றாள்.

அவரிடமிருந்து எனக்கு என்ன மிச்சம் என்று யோசிக்கிறேன். வெண்ணெயில் என்ன சத்து, கடலையில் என்ன சத்து என்பது இன்றைக்கு போனைத் தட்டினால் கிடைக்கும். சாப்பிடாதவர்களைப் பார்த்தால் திட்டுவதற்கு முன் பக்கத்தில் போய் உட்காருகிறேன், அது அவர் கொடுத்தது. ஸ்டெல்லா சிஸ்டர் தன் வேலைக்காலம் முழுக்க எத்தனையோ சான்றுகளில் கையெழுத்துப் போட்டிருப்பார். அவரோடு ஒரே மேஜையில் உட்கார்ந்திருந்தவன் என்று நான் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்வது அவர் போட மறுத்த அந்த ஒரு கையெழுத்துக்காகத்தான்.