விசை வைத்த வில்

எங்கள் மாமா வாழ்நாளில் ஒரு முயலைக்கூட எய்ததில்லை. ஆனால் மெல்பேர்னில் முயல் வேட்டைக்குப் போவதற்காக அவர் போட்ட சண்டை இருக்கிறதே, அதைப் பார்த்த எவரும் அவரைப் பரம்பரை வேட்டைக்காரர் என்றுதான் நினைத்திருப்பார்கள். ஒன்பது வயதில் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. அம்மாவின் தம்பியான அவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, மெல்பேர்னின் புறநகரான டண்டினோங்கில் எங்களோடு தங்கியிருந்தார். வந்த சூட்டோடு பக்கத்திலிருந்த வில்வித்தைக் கிளப்பில் சேர்ந்துவிட்டார். எப்போதோ தோள் முறிந்ததால் அவருடைய வலது கை மேலே எழாது. சாதாரண வில்லை இழுக்க முடியாது. அதனால் ஒரு குறுக்குவில் வாங்கினார். கைப்பிடியைச் சுழற்றி நாணை இழுத்து மாட்டி, துப்பாக்கி மாதிரி இடது தோளில் அணைத்து, விசையைத் தட்டினால் அம்பு பாயும். பின்வளவில் பழகும்போது ஓர் அம்பு வேலி தாண்டிப் போய்ப் பக்கத்து வீட்டுக்காரரின் கொடியில் காய்ந்த காற்சட்டையைத் துளைத்தது. மாமா புதுக் காற்சட்டையும் அம்மா சுட்ட வடையுமாகப் போய்ச் சமாதானம் பேசிவிட்டு வந்தார்.

அங்கே ஒக்டோபரில் வரும் வசந்தகாலத்தில் கிளப்காரர்கள் ஒரு பண்ணைக்கு முயல் வேட்டைக்குப் போவது வழக்கம். அது வில்லுக்கு மட்டுமான வேட்டை, துப்பாக்கிக்கு இடமில்லை. மாமா பெயர் கொடுத்தார். அம்பு பொறுக்க என்னையும் கூட்டிப்போவதாகச் சொன்னார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வகுப்பில் ஒருவர் விடாமல் சொல்லித் தீர்த்தேன்.

அங்கேதான் வில்லங்கம் கிளம்பியது. விசை இருக்கிறது, ஆகவே அது துப்பாக்கிச் சாதி, வில் வேட்டையில் அதற்கு என்ன வேலை என்றார்கள் சிலர். வாக்கெடுப்பு வைப்பதென்று முடிவாயிற்று. மாமாவோடு நானும் போனேன். தகரக் கூரை மண்டபத்தில் தேநீர்க் கோப்பைகளோடு அவ்வளவு பேரும் உட்கார்ந்து நீதிமன்றம் போல வாதாடினார்கள். நாண் இருக்கிறது, அம்பு இருக்கிறது, பிறகென்ன என்று மாமா கேட்டார். கையை வளைத்துக் கஷ்டப்பட்டு இழுப்பதுதான் வில் என்றார் எதிரே இருந்தவர். நான் கதிரை நுனிக்கே வந்துவிட்டேன்.

தாடி வைத்த தலைவர் நல்ல மனிதர். பாவம், இவருக்குத் தோள் சரியில்லை, இவருக்கு மட்டும் விதியைத் தளர்த்தினால் என்ன என்று கேட்டார். எல்லோரும் தலையாட்டினார்கள். அப்பாடா என்று நான் மூச்சு விட்டேன். மாமாவோ எழுந்து நின்றார். சலுகை வேண்டாம், இது வில்லா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள் என்றார். கையில் கிடைத்ததைத் தட்டிவிடுகிறாரே என்று எனக்கு அழுகை முட்டியது.

கைகள் உயர்ந்தன. தலைவர் எண்ணினார், நம்பிக்கையில்லாமல் மறுபடி எண்ணினார். ஒரு கை வித்தியாசத்தில் குறுக்குவில் வில்லாகிவிட்டது! நான் போட்ட கூச்சலில் தேநீர் சிந்தியது. எதிர்த்து வாக்களித்தவர்களின் கையைக்கூட மாமா தேடிப்போய்க் குலுக்கினார்.

சனிக்கிழமை காலை வாசலில் வான் வந்து ஹோர்ன் அடித்தது. சப்பாத்து மாட்டிக்கொண்டு ஓடிய நான் சாமி அறைக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டேன். அன்று சரஸ்வதி பூசை. என் பாடப் புத்தகங்கள், அம்மாவின் தையல் மெஷின், அப்பாவின் ஸ்டெதஸ்கோப், எல்லாவற்றுக்கும் நடுவே சந்தனமும் குங்குமமுமாகக் குறுக்குவில்.

"பூசைக்கு வைச்சதை விஜயதசமிக்கு முன்னம் தொடேலாது" என்றார் அம்மா, என் முகத்தைப் பார்க்காமல்.

நான் மாமாவைப் பார்த்தேன். வாக்கெடுப்பில் அப்படி முழங்கியவர் இப்போது கையைப் பிசைந்துகொண்டு நின்றார். தலைவர் உள்ளே வந்து, மாமா சொன்னதைக் கேட்டு, தொப்பியைக் கழற்றினார். சாமி விஷயம் என்றால் என்ன செய்வது, அடுத்த வருடம் பார்ப்போம் என்றார். அம்மா கொடுத்த கடலையை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, வானில் இருந்தவர்களுக்கும் ஒரு பை வாங்கிக்கொண்டு போனார். மாமா கேற்றடியில் நின்று வான் மறையும்வரை கை காட்டினார். நான் அம்மாவோடு பேசுவதை நிறுத்தினேன். திங்கட்கிழமை வகுப்பில் என்ன சொல்வது என்ற கவலை வேறு. அம்மா எல்லாக் கோபத்தையும் வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டார்.

அடுத்த வருடமும் மாமா போகவில்லை. ஆனால் கிளப் கூட்டம் ஒன்றையும் தவறவிட்டதில்லை.

எனக்குக் கல்யாணமான பிறகு ஒருநாள் குசினியில், வில்லைப் பூசையில் வைத்து வேட்டையைக் கெடுத்தீர்களே என்று அம்மாவிடம் சொல்லிக்காட்டினேன். அம்மா சிரித்தார்.

"நான் எங்க வைச்சனான்? விடிய எழும்பி வந்து அவன்தான் கொண்டுவந்து தந்தவன். இவ்வளவு சண்டை பிடிச்சுப்போட்டு ஏனடா எண்டு கேட்டன். 'அவங்கள் ஓம் எண்டு சொல்லிப்போட்டாங்கள் அக்கா, இனி முயல் என்ன பாவம் செய்தது' எண்டான்."