எங்க வீட்டு மூஞ்சி

1. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலேயே கரண்டை நிறுத்தினார்கள். தெருவில் ஓடிய விசைத்தறிகள் எல்லாம் ஒன்றாக ஓய்ந்தன.
2. அக்காவின் மகள், ஆறு வயது, தறிக்கூடத்தை ஒட்டிய அறையில் பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். பள்ளி இல்லாத நாளில் பகலெல்லாம் தூங்குவாள்.
3. அவள் குறட்டை விடுவதை அன்றுதான் கேட்டேன்.
4. குறட்டை நின்றது.
5. நெஞ்சுக்குழி உள்ளே இழுத்தது, வயிறு எழுந்தது. வாய்க்கும் மூக்குக்கும் நேரே விரலை வைத்தேன். காற்று வரவில்லை.
6. உடம்பை ஒரு முறை உதறி, கிணற்றில் முங்கி எழுந்தவளைப் போல மூச்சை இழுத்தாள். கண் திறக்கவில்லை. மறுபடி குறட்டை.

ஆறுக்குப் பிறகு நான்கு வந்தது. பிறகு ஐந்து. நான் உட்கார்ந்திருந்த வரை அப்படியேதான்.

அந்த வீட்டில் யாரும் இதைக் கேட்டதில்லை. அக்காவும் அத்தானும் முறை மாற்றித் தறி பார்ப்பார்கள், இரவிலும் ஓடும். ஓர் இழை அறுந்து தறியின் சத்தம் மாறினால் அக்கா தூக்கத்திலேயே எழுந்துவிடுவாள். தறிச் சத்தத்தில்தான் பிள்ளை அயர்ந்து உறங்குவாள் என்று வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்வாள்.

"என்னட்டி, பிள்ளை வாய்க்கிட்ட கைய வச்சிக்கிட்டு இருக்க?" என்று அக்கா வந்தாள்.

"சும்மா நின்னு கேளு."

கேட்டாள். அடுத்த முறை மூச்சு நின்றபோது குனிந்து மகளை உலுக்கினாள். பின்னால் வந்த அத்தான் சிரித்தார்.

"குறட்டைக்கா இந்தப் பாடு? எங்க அப்பா விட்டா ஓடு அதிரும். பேத்தி விடாம வேற யாரு விடுவா?"

பேத்திக்கு நீண்ட முகம். வாய் எப்போதும் சற்றுத் திறந்திருக்கும். மேலுதடு குட்டை, முன்பற்கள் வெளியே, கண்ணுக்குக் கீழே கருப்பு. அத்தானுக்கும் அதே முகம். சுவரில் மாலை போட்ட படங்களில் அவருடைய அப்பாவும் பெரியப்பாவும் அதே திறந்த வாயோடு இருந்தார்கள். காது குத்தின அன்றைக்கு வந்தவர்கள் எல்லோரும் குழந்தையையும் படங்களையும் மாறி மாறிப் பார்த்துச் சொன்னது, "அச்சு அசல் உங்க வீட்டு மூஞ்சி." நானும் சொன்னேன்.

நான் எக்ஸ்ரே டெக்னீஷியன். ஊரிலேயே ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை. டாக்டரிடம் சீட்டு வாங்கி, அவள் கழுத்தைப் பக்கவாட்டில் படம் எடுத்தேன். அதற்கு வாயை மூடி மூக்கால் மூச்சு விட வேண்டும்.

"மூடிட்டேன் சித்தி."

நான் பொத்தானை அழுத்துமுன் வாய் திறந்துகொண்டது. திரும்பச் சொன்னேன். உதட்டை இறுக்கி, கண் பிதுங்க நின்று, மறுபடி திறந்தாள். "மூக்குல வரமாட்டேங்கு சித்தி."

ஒருவழியாக எடுத்தேன். மூக்குக்குப் பின்னால் காற்று போகும் வழி படத்தில் கருப்புப் பட்டையாகத் தெரிய வேண்டும். நூலாகத் தெரிந்தது. படம் எடுப்பது என் வேலை, அதைப் படித்துச் சொல்வது டாக்டருடைய வேலை. அன்று நானும் படித்தேன்.

திருநெல்வேலியில் காது மூக்கு தொண்டை டாக்டர் அதையே சொன்னார். மூக்குக்குப் பின்னால் அடினாய்டு சதையும் தொண்டையில் டான்சிலும் வீங்கி வழியை அடைத்திருக்கின்றன, எடுத்துவிட வேண்டும். வாயாலேயே மூச்சு விட்டு வளரும் பிள்ளைக்கு முகம் இப்படி நீளும். தாடை வாகு பரம்பரையாகவும் வரும். இவளுக்கு இரண்டுமே இருக்கலாம் என்றார். தள்ளிப்போட வேண்டாம் என்றும் சொன்னார்.

வீட்டில் அத்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

"உறங்குத பிள்ளை தொண்டையில கத்தி வைக்கச் சொல்லுதியா? எங்க அப்பாவுக்கு என்ன வந்துச்சு? ஒரு ஊசி கிடையாது, ஒரு ஆஸ்பத்திரி கிடையாது. ராத்திரி படுத்தவரு காலையில எந்திரிக்கல. பெரியப்பாவும் அப்படித்தான். உறக்கத்துலயே போற சாவு யாருக்கு…"

பாதியில் நிறுத்திக்கொண்டார். அக்கா அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். கூடத்தில் தறி ஓடிக்கொண்டிருந்தது.

அவர்கள் எதனால் இறந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவில்லை, நல்ல சாவு என்று அடக்கம் செய்தார்கள்.

மறுநாள் அறுவை சிகிச்சைக்கு அத்தான் சரி என்றார். டாக்டர் கொடுத்த முதல் தேதிக்குள் ஊர்க் கோயிலில் ஆடித் தபசுக்குக் கொடி ஏறிவிடும். கொடி ஏறினால் திருவிழா முடியும்வரை வெளியூரில் இராத் தங்கக் கூடாது என்பது அத்தான் வீட்டு வழக்கம். அதை மட்டும் விட்டுக்கொடுக்க மறுத்தார். தேதி தள்ளிப்போனது. ஆனால் அன்று முதல், யாரும் சொல்லாமலே, இரவில் தறியை நிறுத்திவிடுகிறார். அக்கா மகள் அருகில் படுத்து, குறட்டை நிற்கும்போதெல்லாம் எழுப்பிப் புரட்டிப் போடுகிறாள்.

நேற்று என் வேலை இடத்துக்கே வந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"ஏட்டி, தறி நின்னதுல இன்னொன்னும் கேக்கு. இவருக்கும் நிக்குது. பிள்ளைக்கு நிக்கத விட ரொம்ப நேரம் நிக்குது."

பிள்ளைக்கு அறுவை சிகிச்சை தபசு முடிந்த மறுவாரம். அத்தான் டாக்டரிடம் வர மாட்டேன் என்கிறார். அக்கா இரண்டு பாய்களுக்கும் நடுவில் படுக்கிறாள்.