மங்காஃப் மொட்டைமாடித் தொட்டி

போன வாரம் எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைக் கழுவினார்கள். அடியில் கிடந்த சேற்றை வாரிக் கொட்டியதும் ஒரு வாடை வந்தது பாருங்கள், கையிலிருந்த காப்பியை வாழைமூட்டில் ஊற்றிவிட்டேன். சீழுக்கும் மலத்துக்கும் அசராத நர்ஸ் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்பவள் நான். பாசித் தண்ணீர் மட்டும் ஆகாது.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் குவைத்தில், மங்காஃபில் இருந்தோம். ஒரே ஃபிளாட்டைப் பலகையால் தடுத்து மூன்று குடும்பம், ஒரு குளியலறை. அதன் வடிகாலில் யார் யாருடைய முடியோ சுருண்டு ஊறிக் கிடக்கும். அடுத்த தடுப்பில் குளச்சல்காரர்களான ஜெசிந்தாவும் ஏசி மெக்கானிக் அந்தோணியும். அவர்கள் பிள்ளை ஜோபினுக்கு அப்போதுதான் பல் முளைத்திருந்தது. கிடைத்ததையெல்லாம் கடிப்பான், என் டூட்டிச் செருப்பு உட்பட.

ஒரு வெயில்காலத்தில் கட்டடமே வயிற்றுப்போக்கில் விழுந்தது. குழாய்த் தண்ணீர் மஞ்சளாக, அழுகல் நாற்றத்தோடு வந்தது. குடிக்கக் கேன் தண்ணீர். குளிக்க, பாத்திரம் கழுவ, பிள்ளையின் பால்புட்டி அலச எல்லாம் குழாய்தான். அந்தோணி எத்தனை தடவை போய்ச் சொன்னாலும், வாடகை ஏஜெண்ட், அவரும் தமிழர்தான், "மாஃபி முஷ்கில், ஒரு பிரச்சினையும் இல்ல தம்பி, பைப் புதுசு, அப்படித்தான் வரும்" என்பார்.

ஒருநாள் ஜெசிந்தா பிள்ளையோடு ஓடிவந்தாள். "எக்கா, கண்ணு உள்ள போயிட்டுக்கா. அழக்கூட மாட்டேங்கான்." உச்சந்தலை குழிந்திருந்தது. நான் ஊட்டிய உப்புச் சர்க்கரைத் தண்ணீர் தங்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஊசி ஏற்ற நரம்பே அகப்படவில்லை. மறுநாள் மதியம் போய்விட்டான்.

குவைத்திலேயே அடக்கம் முடிந்ததும் அந்தோணி நேரே மொட்டைமாடிக்கு ஏறினான். பின்னாலேயே நானும். தொட்டிக்கு மூடியே இல்லை. உள்ளே செத்த புறாக்கள், தோல் கழன்று, இறகு உதிர்ந்து, கஞ்சி ஆடைபோல மிதந்தன. புழு நெளிந்தது. நான் அங்கேயே வாந்தியெடுத்தேன். அவன் ஒரு வாளியில் மொண்டு, ஏஜெண்டின் அறைக்குக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தான்.

"குடிங்க அண்ணாச்சி. எம்பிள்ள குடிச்ச தண்ணியாக்கும்."

ஏஜெண்ட் மூக்கைப் பொத்திக்கொண்டு, இழுப்பறையிலிருந்து அத்தரை எடுத்துத் தன் சட்டையில் தெளித்துக்கொண்டார். "கலாஸ், கலாஸ், போதும். நாளைக்கே கிளீன் பண்ணிரலாம்." செத்த புறாவைவிட அந்த அத்தர்தான் எனக்குக் குமட்டியது.

தொட்டி சுத்தமானது, மூடியும் வந்தது. ஜெசிந்தாவும் அந்தோணியும் விசாவை முடித்துக்கொண்டு ஊருக்கே போய்விட்டார்கள். பிறகு அந்தக் கட்டடத்தை இடித்தார்கள். கூட இருந்தவர்கள் கனடா, ஆஸ்திரேலியா என்று சிதற, நானும் ஊர் திரும்பினேன்.

கல்லறைத் திருநாள் வந்தால் ஜெசிந்தா இப்போதும் போன் செய்வாள். "எக்கா, ஒரு மெழுகுதிரி கொளுத்த அங்க நம்ம ஆளு யாராவது இருக்காவளா?"

அந்தக் குழி எது என்று தெரிந்தவர்கள் ஒருவரும் இப்போது அங்கே இல்லை.