நிர்மலா கழுத்து

லேடீஸ் டைலர் வேலைக்குக் கண் கூர்மையாக இருக்க வேண்டும். காது மட்டும் கொஞ்சம் மந்தமாக இருந்தால் நல்லது.

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் எனக்குக் கடை. தொண்ணூறுகளின் கடைசியில் டிவியில் ஒரு தொடர் ஆரம்பித்து எட்டு வருசம் ஓடியது. அதில் நிர்மலா என்று ஒரு கதாநாயகி. அது ஓடுகிற நேரத்தில் நான் மெஷினில் உட்கார்ந்திருப்பேன். அதனால் அவளை ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. ஆனால் அவள் போட்ட ரவிக்கைகளை இந்தப் பக்கத்துப் பெண்களுக்கெல்லாம் தைத்துக் கொடுத்தவன் நான்தான். என்னைப் போலக் கத்தரியும் கையுமாக அந்த எட்டு வருசம் முழி பிதுங்கிய டைலர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

யார் அந்த நிர்மலா?

சேவுகம்பட்டியிலிருந்து சரோஜா என்ற பெண் நீலத் துணி ஒன்றைக் கொண்டுவந்தாள். நிர்மலா போட்ட மாதிரி ரவிக்கை வேண்டும் என்றாள். அப்போது எனக்குத் தொடரும் தெரியாது, நிர்மலாவும் தெரியாது. அவள் ஊர்ப் பெண் யாரோ என்று நினைத்து, அந்த நிர்மலாவின் ரவிக்கையை மாடலுக்கு வாங்கி வரச் சொன்னேன். கடையில் இருந்த நாலு பெண்கள் சிரித்த சிரிப்பில் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை.

சரோஜா சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினாள். அந்த நிர்மலா, அடிக்கிற புருசனை விட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டுகிறாள். அப்போது அவள் போட்டிருந்தது கழுத்து முழுக்க மூடி, காலர் வைத்து, முக்கால் கை வைத்த ரவிக்கை. சரோஜா சொல்லி முடிக்கும்போதுதான் அவள் காலடியில் இருந்த பெட்டியைப் பார்த்தேன். அளவு எடுக்கிறபோது தோள்பட்டையில் டேப் பட்டதும் வலியில் சுருங்கினாள். எனக்குக் கேட்காமலே புரிந்தது. அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாளாம். திண்டுக்கல்லில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சொல்லியிருக்கிறார்களாம்.

“திங்கக்கெழமை காலையில எட்டு மணி பஸ்ஸுக்கு நான் இதத்தாண்ணே போட்டுட்டுப் போகணும்.”

ஆள் மாறிய வாரம்

மூன்றாவது வருசம் நிர்மலாவாக நடித்தவர் விலகிவிட்டார். இனி இவர்தான் நிர்மலா என்று திரையில் எழுத்துப் போட்டு வேறு ஒருவரைக் கொண்டுவந்தார்களாம். பழையவர் ஒல்லி, புதியவர் நல்ல பூரிப்பு. பழையவருக்குக் காலர் மட்டும், புதியவருக்குக் காலரோடு கையில் சுருக்கும் உண்டு. நிர்மலா கழுத்து என்று சொல்லித் துணியை வைத்துவிட்டு ஓடுகிறவர்களை, எந்த நிர்மலா என்று மாடிப்படி வரை துரத்திப் போய்க் கேட்க வேண்டியதாயிற்று. சுவரில் பழைய நிர்மலாவுக்கு ஓர் ஆணி, புதிய நிர்மலாவுக்கு ஓர் ஆணி அடித்தேன். துணிகளை இரண்டிலும் மாற்றி மாற்றி மாட்டினேன்.

ஒட்டன்சத்திரத்துக் காய்கறி வியாபாரி ஒருவரின் மனைவி எப்போதும் இறுக்கமாகத் தைக்கச் சொல்வார். அந்த வாரம் வந்தவர், எல்லாப் பக்கமும் இரண்டு விரல் தளர்த்திவிடச் சொன்னார். உடம்புக்கு என்னவோ ஏதோ என்று பதறி விசாரித்தேன்.

“ஏனுங்க, நிர்மலாவே அம்புட்டுப் பெருத்துப் போனாளுங்க, நானெல்லாம் எதுக்குங்க மூச்ச இழுத்துப் பிடிக்கோணும்?”

பால் டம்ளர்

அடுத்த வருசம் நிர்மலா கெட்டுப்போனாள். வேலைக்குப் போய் நாலு பேருக்கு நியாயம் சொன்னவள், நாத்தனார் குடிக்கிற பாலில் எதையோ கலந்தாளாம். ஏன் கலந்தாள் என்று கடைக்கு வந்தவர்களிடம் கேட்டேன். பேய் பிடித்துவிட்டது என்றார் ஒருவர். அது நிர்மலாவே இல்லை, அவள் கூடப் பிறந்த இரட்டை என்றார் இன்னொருவர். மூன்றாவது ஆள், அவள் முதலிலிருந்தே அப்படித்தான், நீங்கள்தான் கவனிக்கவில்லை என்று என்னைக் கடிந்துகொண்டார். பார்க்காதவன் எதைக் கவனிப்பது?

பக்கத்துத் தெரு ஸ்டெல்லா கல்யாணமாகி ஆறு மாதம் ஆனவள். நான் தைத்துக் கொடுத்த மூன்று மூடிய கழுத்து ரவிக்கைகளையும் திருப்பிக் கொண்டுவந்தாள். மூடிய கழுத்தை வெட்டித் திறந்துவிடலாம், அதில் சிரமம் இல்லை. திறந்ததை மூடுவதுதான் பெரும்பாடு. புத்தம் புதுசாக இருக்கிறதே, ஏன் வெட்ட வேண்டும் என்று கேட்டேன்.

“இதப் போட்டுட்டுக் காப்பி கொண்டு போனா, எங்கத்தை மோந்து பாத்துட்டு மொதல்ல மாமாவக் குடிக்கச் சொல்லுதுண்ணே.”

நினைவு தப்பியவள்

பட்டன் துளைக்குக் காஜா எடுக்கிற முருகேசன் அப்போதே என்னிடம் பத்து வருசமாக இருந்தார். தினமும் தொடரைப் பார்த்துவிட்டு வந்து காலையில் எனக்குக் கதை சொல்வார். ஏழாவது வருசத்தில் ஒரு நாள் அவரே குழம்பிப்போய் வந்தார். நிர்மலா கார் மோதி நினைவு தப்பிவிட்டாளாம். வேலை, பெற்ற பிள்ளை, பாலில் கலந்தது எல்லாம் மறந்துபோய், நேராகப் பழைய புருசன் வீட்டுக்குப் போய் அவன் காலில் விழுந்துவிட்டாளாம். இப்போது காலரும் இல்லை, ஒன்றும் இல்லை. சாதாரண வட்டக் கழுத்து ரவிக்கையோடு அடுப்படியில் நிற்கிறாளாம்.

பார்க்காத ஒருத்திக்காக வருத்தப்படுகிறேனே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. முருகேசன் ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

“எல்லாத்தையும் மறந்தவளுக்குப் புருசன் வீட்டு விலாசம் மட்டும் எப்படிண்ணே ஞாபகம் இருந்துச்சு?”

எட்டு மணி பஸ்

அதே வாரம் சரோஜாவின் புருசன், இத்தனை வருசமாக அவள் வேலைக்குப் பஸ் ஏறுகிற பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நின்றான். மூன்று நாள் காலையும் மாலையும் நின்றான். குடியை விட்டுவிட்டேன் என்று கண்டவரிடமெல்லாம் சொன்னான். சரோஜாவின் அம்மாவும் அண்ணனும் அவன் பக்கம் சாய்ந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். என் கடைக்கும் ஏறி வந்தான். நிர்மலாவே திரும்பிப் போய்விட்டாளே, இவளுக்கு மட்டும் என்ன, நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றான். நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

சரோஜா வருசா வருசம் ஒரு நீலத் துணி கொடுப்பாள். சீட்டில் ‘நிர்மலா கழுத்து’ என்று மட்டும் எழுதிக்கொள்வேன். அந்த வருசத் துணி மேசையில் கிடந்தது. சீட்டைப் பார்த்தேன். முருகேசன் சொன்னது நினைவுக்கு வந்தது, அந்த ஆள் சொன்னதும் நினைவுக்கு வந்தது. கத்தரி வட்டமாகப் போய்விட்டது. எந்தக் குழப்பத்தில் வெட்டினேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

மறுநாள் சாயந்தரம் வந்தாள். ரவிக்கையை விரித்தாள். வட்டக் கழுத்தைப் பார்த்தாள். நிர்மலா இப்போது இப்படித்தான் போடுகிறாளாமே என்று தட்டுத் தடுமாறிச் சொன்னேன். ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள். புருசன் அங்கேதான் நின்றுகொண்டிருந்தான். அவள் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், அழுகை வரும் என்றும் பயந்தேன். ரவிக்கையை மடித்து என் மெஷின் மேல் வைத்தாள். வெட்டிய துண்டுகள் கிடந்த கூடையை இழுத்துக் கிளறி, நீலத் துண்டுகளாகப் பொறுக்கி அதன் மேல் போட்டாள்.

“அவ போனா போறாண்ணே. இத ஒட்டுப் போட்டு மூடிக் குடுங்க. எனக்குக் காலையில எட்டு மணி பஸ்ஸு.”

அந்தத் தொடரை நான் இன்றுவரை பார்த்ததில்லை என்றாலும், நிர்மலா கடைசியில் என்ன ஆனாள் என்று யாராவது கேட்டால், கழுத்தில் ஒட்டுப் போட்ட ரவிக்கையோடு எட்டு மணி பஸ்ஸில் வேலைக்குப் போய்விட்டாள் என்றுதான் எனக்குச் சொல்ல வருகிறது.