ஏட்டம்மா ஆவுடைத்தாயின் வைத்தியம்

இலஞ்சிக்கு வந்து தேங்காய் வியாபாரி இசக்கிதுரை வீடு எது என்று கேட்டால் நாலு பேர் யோசிப்பார்கள். ஏட்டம்மா வீடு எது என்று கேளுங்கள், வாசல் வரை கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிட்டுப் போவார்கள். அந்த ஏட்டம்மா என் பொண்டாட்டி ஆவுடைத்தாய். தலைமைக் காவலர். இந்த ஊரில் எனக்கு இருக்கிற மரியாதையில் முக்கால்வாசி அவளால் வந்தது. இதைச் சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் கிடையாது.

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் பெண்கள் குளிக்கிற பக்கம் அவளுக்குத்தான் டூட்டி. பதினாலு சீசன் நின்றிருக்கிறாள். தண்ணீரின் நிறம் லேசாகக் கலங்கினாலே மேலே மழை என்று சொல்லிவிடுவாள். குடித்துவிட்டுப் பெண்கள் பக்கம் எட்டிப் பார்த்த ஒருத்தனை இடுப்பில் கட்டிய ஈரத் துண்டோடு ஸ்டேஷன் வரைக்கும் நடத்திக் கூட்டிப்போனவள். விசில் இல்லாவிட்டாலும் அவள் குரலே போதும், கூட்டம் விலகும். வீட்டிலும் அதே குரல்தான், அது தனிக் கதை.

போன வருடம் ஆடியில் ஒரு அருவியில் திடீரென்று வெள்ளம் வந்தது. எந்த அருவி என்று சொல்ல மாட்டேன். இவள் விசிலடித்துக் கூட்டத்தை மேலே ஏற்றிவிட்டாள். பத்தொன்பது பெண்கள் மட்டும் கம்பியைப் பிடித்தபடி நடுவில் மாட்டிக்கொண்டார்கள். இவள் இறங்கி நின்று ஒவ்வொருத்தியாகக் கையைப் பிடித்து இழுத்து மேலே விட்டாள். பதினெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். கடைசியாக நின்ற கல்லூரிப் பெண் வரவில்லை. கை நழுவிவிட்டது என்று இவள் அறிக்கையில் எழுதிக் கொடுத்தாள். பேப்பரில் இவள் போட்டோவைப் போட்டுப் பாராட்டியிருந்தார்கள். நான் ஓடிப்போய் வாங்கிவந்து நீட்டினேன். அதை மடித்து அடுப்படி மேடையில் வைத்துவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

அதற்கப்புறம்தான் ஒவ்வொன்றாகக் கவனித்தேன். மாடியில் டேங்க் நிரம்பி வழிகிற சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொள்வாள். குழாயைத் திறக்க மாட்டாள், நான் வாளியில் பிடித்து வைத்தால்தான் குளிப்பாள். ஸ்டேஷனில் எழுத்து வேலை கேட்டு வாங்கிக்கொண்டாள். சாப்பாடு பாதியாகிவிட்டது. என்னைத் திட்டுவதையும் நிறுத்திவிட்டாள். கல்யாணமாகிப் பதினேழு வருடத்தில் திட்டு வாங்காமல் ஒரு வாரம் போனது அப்போதுதான்.

எங்கள் பக்கத்தில் மனசு கலங்கியவர்களுக்கு ஒரு வைத்தியம் உண்டு. உச்சி நிறைய எண்ணெய் வைத்து அருவிக்கடியில் நிறுத்துவது. அப்படிச் செய்தால் கோட்டி, அதுதான் பைத்தியம், தெளிந்துவிடும் என்று எங்கெங்கிருந்தோ வண்டி பிடித்துக் கூட்டிவருவார்கள். என் அம்மா சொன்னாள், "ஏலே, அருவியப் பக்கத்துல வச்சிக்கிட்டு என்னத்தலே யோசிக்கே? மூணு நாள் தலையக் காட்டச் சொல்லு. எல்லாம் எறங்கிரும்."

நானும் மண்டையை ஆட்டினேன். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுங்குகிறவளை அந்தத் தண்ணீருக்கடியிலேயே கொண்டுபோய் நிறுத்தினேன் ஐயா! இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். மூன்றாம் நாள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூச்சு முட்டுகிறது, உதடெல்லாம் வெளுத்துப்போய்விட்டது, என் சட்டையைப் பிடித்துக்கொண்டு "வேண்டாங்க, வேண்டாங்க" என்கிறாள். பதினெட்டுப் பேரை இழுத்துவிட்ட கை அது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"டாக்டர்ட்ட போவோம்ட்டி" என்றேன்.

"போனா எழுதிருவாங்க. கோட்டின்னு ஒரு தடவை எழுதிட்டா யூனிபார்மக் கழட்டச் சொல்லிருவாங்க. அப்பாவுக்குத் தெரியாமப் போயி ஓடி, குதிச்சு, செலக்சன் ஆயி வாங்கின யூனிபார்முங்க இது. நான் வரல."

வீட்டுக்கு வீடு போலீஸ், மிலிட்டரி என்று இருக்கிற சொந்தம் எங்களுடையது. அங்கே யாரிடமும் போய், டாக்டரிடம் போனால் யூனிபார்ம் போய்விடுமா என்று கேட்க முடியாது. கேட்டால் அன்றைக்கே கல்யாண வீடு, இழவு வீடு எல்லாவற்றிலும் அதுதான் பேச்சாக இருக்கும். அதனால் நான் ஒரு பெரிய தந்திரம் பண்ணினேன். எங்களை யாருக்கும் தெரியாத ஊருக்குப் போய்விடுவது என்று முடிவெடுத்தேன். செங்கோட்டை தாண்டி மலையேறிப் போகிற ரயிலில் கேரளாவில் இருக்கிற புனலூருக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஒரு மனநல டாக்டர். சீட்டில் அவள் பெயரைக் கொடுக்காமல் என் தங்கச்சி பெயரைக் கொடுத்தேன், கல்யாணசுந்தரி என்று.

காத்திருக்கிற ஹாலில் ஒருவர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேப்பர் தமிழ். காலைப் பார்த்ததுமே ஆள் தெரிந்துவிட்டது. அச்சன்புதூர் நம்பிராஜன் அண்ணாச்சி, வாழைத்தார் வியாபாரம். பக்கத்தில் அவர் வீட்டம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, இங்கன என்ன?"

"சும்மாதான். தார் வெலை விசாரிக்க வந்தேன். நீ?"

"நானும் தேங்கா வெலை விசாரிக்கத்தான் அண்ணாச்சி."

மனநல ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து விலை விசாரிக்கிற இரண்டு வியாபாரிகள்! அதற்கு மேல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

டாக்டர் தங்கமான மனுஷர். மலையாளத்தில் நிதானமாகத்தான் கேட்டார். இவளுக்குப் புரியாமல் இல்லை. ஆனால் எதைக் கேட்டாலும் "தலைவேதனை" என்ற ஒரே பதில்தான். அரை மணி நேரம் பார்த்துவிட்டு அவர் பேனாவை மூடி வைத்தார். "மருந்து ஞான் எழுதாம். பக்ஷே பயத்தைச் சொல்லணும்னா சொந்த பாஷை வேணும். உங்க நாட்டில் தன்னே ஆளு உண்டல்லோ. எந்தினா மலை கேறி வந்தது?" என்றார். எங்கள் ஊரிலேயே ஆள் இருக்கும்போது எதற்கு மலையேறி வந்தோம் என்று கேட்கிறார்.

திரும்பி வருகிற ரயிலில் இவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "அவரு கல்யாணசுந்தரி கல்யாணசுந்தரின்னு கூப்பிடுதாரு. வேற யாருக்கோ வைத்தியம் பாக்காங்கன்னு இருந்துச்சு."

மறுநாள் தேங்காய்க் களத்தில் உட்கார்ந்து அரசாங்க மனநல உதவி எண் 14416-க்குப் போன் போட்டேன். ஒரு பெண் தமிழில் பேசினாள். மெதுவாகத்தான் ஆரம்பித்தேன், என்ன ஆனதோ, "எம் பொண்டாட்டி பதினெட்டு உசுரக் காப்பாத்துனவம்மா!" என்று கத்திவிட்டு அழுதுவிட்டேன். காய் உரிக்கிறவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அந்தப் பெண் நான் அழுது முடிக்கிறவரை பொறுமையாக இருந்தாள். எந்த மாவட்டம் என்று கேட்டாள். தென்காசிப் பெரியாஸ்பத்திரியிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது, பேசிப் பார்க்கவும் ஆள் இருக்கிறார்கள் என்றாள். எட்டு வருடமாக அந்த ஆஸ்பத்திரி வாசலில் இளநீர் இறக்குகிறேன் நான். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு நாளாவது தலையை நீட்டிப் பார்த்திருப்பேனா?

அன்று ராத்திரி இவளிடம் விஷயத்தைச் சொன்னேன், "போய்த்தான் பாப்போம்" என்றாள். மறுநாள் ஆஸ்பத்திரிக்கு ஸ்டேஷனிலிருந்து நேராக யூனிபார்மிலேயே வந்தாள். மூடிக்கொள்ள ஒரு சால்வை கொண்டுபோயிருந்தேன். அதை அவள் கையால்கூடத் தொடவில்லை. வரிசையில் தெரிந்த முகம் ஏழெட்டு இருந்தது. சீட்டு எழுதுகிறவர் எந்தப் பிரிவு என்று கேட்டார்.

"மனநலம்" என்றேன் வாய்க்குள்ளேயே.

"கூட்டத்துல கேக்கல அண்ணாச்சி, சத்தமாச் சொல்லுங்க."

"மனநலம்!"

மொத்த வரிசையும் திரும்பியது. "யாருக்கு?" என்றார் அவர். எனக்கு என்ன தோன்றியதோ, "எனக்குத்தான்" என்று சொல்லிவிட்டேன்.

இவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். சிரித்தாள். நாலு மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைப் பார்க்கிறேன். என்னை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு, "இவருக்கும் வேணும்தான். இன்னைக்கு எனக்கு எழுதுங்க. பேரு ஆவுடைத்தாய். வேலை போலீஸ், தலைமைக் காவலர்" என்றாள். அருவிக்கரையில் கேட்கிற அதே குரல். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார், வைத்தியம் பார்த்துக்கொண்டதற்காக யாரும் யூனிபார்மைக் கழற்றச் சொல்ல முடியாது என்று. மாத்திரை எழுதினார். வாரத்துக்கு ஒரு நாள் பேசுவதற்கு ஸ்ரீமதி என்ற பெண்ணிடம் அனுப்பினார். கீழப்பாவூர்க்காரி, எங்களைவிட வயதில் சின்னவள். உபதேசமே கிடையாது. கேட்டுக்கொண்டிருப்பாள், அவ்வளவுதான். நாலாவது வாரம் இவளே என்னை உள்ளே கூப்பிடச் சொன்னாளாம். போய் உட்கார்ந்தேன்.

"கை நழுவலங்க" என்றாள் என்னைப் பார்த்து. "அந்தப் பிள்ள, 'அக்கா விட்டுருங்க, நீங்களும் போயிருவீங்க'ன்னு சொல்லிச்சு. எங்காலு வழுக்குது. நான் விட்டுட்டேன். நானாத்தான் விட்டேன்."

இத்தனை நாளும் இதை வைத்துக்கொண்டுதான் எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். நான் உளறினேன். "நீ விட்டதாலதான்ட்டி நான் இன்னைக்கு உம் பக்கத்துல உக்காந்திருக்கேன். இல்லன்னா ரெண்டு போட்டோவுக்கு மாலை போட்டிருப்பாங்க" என்றேன். அவள் வாய்விட்டு அழுதாள். ஸ்ரீமதி தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தாள். வெளியே வரும்போது இவள், "சட்டைய அயன் பண்ணிப் போடத் தெரியாதா உங்களுக்கு?" என்று என்னைத் திட்டினாள். அப்பாடா என்று இருந்தது.

தை மாதத்தில் டேங்க் வழிகிற சத்தம் பழகிவிட்டது. மாசியில் குழாயைத் திறந்து குளித்தாள். அருவி மட்டும் முடியவில்லை. தூரத்தில் இரைச்சல் கேட்கிற இடம் வரைக்கும் நடந்துபோய்த் திரும்பிவிடுவாள். அவ்வளவு போதும், மீதியைப் பிறகு பார்க்கலாம் என்று ஸ்ரீமதி சொல்லியிருந்தாள். ஆனால் சீசன் வருகிறதே! ஸ்டேஷனில் யாருக்கும் விஷயம் தெரியாது. யூனிபார்ம் போகாது என்று டாக்டர் சொன்னார், ஆட்கள் என்ன சொல்வார்கள் என்று அவர் சொல்லவில்லை. "தலைவலின்னு லீவு போட்டுரு" என்று நான் யோசனை சொன்னேன்.

வைகாசிக் கடைசியில் சீசன் ஏற்பாட்டுக்கு ஒரு மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். போலீஸ்காரர்கள் ஒரு பக்கம், கடைக்காரர்கள் ஒரு பக்கம். இளநீர்க் கடைகளுக்குக் காய் போடுகிறவன் என்பதால் நானும் இருந்தேன். இன்ஸ்பெக்டர் அம்மா டூட்டி வாசித்தார்கள். "பெண்கள் பக்கம், வழக்கம்போல ஆவுடைத்தாய்" என்றதும் கடைக்காரர்கள் கைதட்டினார்கள்.

இவள் எழுந்து சல்யூட் அடித்தாள். "மேடம், அருவி டூட்டி என்னால முடியாது. போன வருச வெள்ளத்துக்குப் பொறவு மனநல டாக்டர்ட்ட வைத்தியம் பாத்துக்கிட்டு இருக்கேன். வேற எந்த டூட்டி குடுத்தாலும் பாக்கேன்."

பின்னால் ஒருத்தன், "பதினாலு சீசன் நின்ன பொம்பளைக்கு இப்பப் பயமாக்கும்" என்றான். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்துவிட்டேன். இவள் ஒரு பார்வை பார்த்தாள், உட்கார்ந்துவிட்டேன்.

"ஆமா, பயந்தான். அதுக்குத்தான் வைத்தியம் பாக்கேன்" என்று அவனுக்குச் சொன்னாள்.

இன்ஸ்பெக்டர் அம்மா பேனாவை எடுத்துப் பட்டியலில் அடித்தார்கள். "பஸ் ஸ்டாண்டு டிராபிக் பாக்குறீங்களா?"

"பாக்கேன் மேடம்."

"சரி. இதை எங்கிட்ட தனியாச் சொல்லியிருக்கலாமே, ஆவுடைத்தாய்?"

"சொல்லியிருக்கலாம் மேடம். முடியாதுங்கிற ஒரு வார்த்தைய வெளியில எடுக்கவே எனக்குப் பத்து மாசம் ஆச்சு. எடுத்த பொறவு அத எதுக்கு ஒளிச்சு வைக்கணும்?"

உட்கார்ந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை. நான் ஒருத்தன் தட்டினேன். நிறுத்தாமல் தட்டினேன்.